இரண்டாக வெட்டிய ஏழாம் பாகம்

ஒன்பதாண்டுகள் காக்கவைத்த மாயக்கதைத் தொடரின் ஏழாம் பாகம் கைக்கு வந்ததும், முதலில் யார் படிப்பது என்று தையற்காரருக்கும் மனைவிக்கும் சண்டை மூண்டது. அவர் புத்தகத்தை நடுவில் வெட்டிப் பின்பாதியை அவளிடம் நீட்டிவிட்டார். சற்று நேரத்தில் அவள் மூக்கை உறிஞ்சினாள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏய், நம்ம குட்டி டிராகன் செத்துப்போச்சா?”

“உங்க பாதியைப் படிங்க, சாமி!”

“சொல்லித் தொலையேன்!”

“டிராகனுக்கு ஒண்ணும் ஆகலை. புதுசா வந்த ஒருத்தர் போயிட்டார். யாருன்னே தெரியாமத்தான் அழறேன். அவர் உங்க பாதியிலதான் அறிமுகமாகியிருப்பார். பேரைச் சொல்லவா?”

“வேண்டாம்!”

அதன்பின் முன்பாதியில் புதிதாக நுழைந்த ஒவ்வொருவரையும் அவர் சாகப்போகிறவராகவே பார்த்தார். எவரோடும் ஒட்ட மனம் துணியவில்லை.