பதினொரு பந்துகள்

கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த எமிலியானாவின் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு பந்துகள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தன.

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமாப் பக்கம் தனியே வாழும் வீட்டுக்காரர் சின்யோர் விதாலேக்கு அந்தப் பேஸ்போல் பந்துகள்தான் உயிர். அமெரிக்க ஆட்டக்காரர்கள் 'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்த பழைய பந்துகள் அவை. கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுவார். மற்றபடி ஆங்கிலம் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது.

தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமிலிருந்த தங்கையைப் பார்க்கப் போய், எமிலியானா அன்றுதான் திரும்பியிருந்தாள். ஊர்ப்பக்கம் போகிறவர் தன் வீட்டு வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டுப் போவதும், வந்ததும் திருப்பி வாங்குவதும் பலெர்மோத் தமிழரின் வழக்கம். அவள் விட்டுப்போனது சந்திரமதியிடம்.

அவள்தான் எடுத்திருக்கிறாள், வேறு யார்? வேலை காட்டிய முதல் நாளே இந்த அலுமாரியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றவளல்லவா! சின்யோர் சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொன்னதும் எமிலியானா அலுமாரியை மறைத்துக்கொண்டு நின்றாள். தெரிந்துகொண்டே சோதிக்கிறாரோ? கேட்டால் பழி தன் தலையில் விழுமென்று பயந்து, பதினொன்றையும் தள்ளித்தள்ளி வைத்து இடைவெளியை மறைத்தாள்.

வாயை அடக்கத்தான் முடியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும், இன்னொரு வீட்டில் வேலைசெய்யும் றோசமலரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உந்தச் சந்திரமதிக்குக் கை நீளம்."

"ஓமோ? எங்கட வீட்டுக்காரச் சின்யோரா அவளைத்தானே அடுத்த கிழமை வேலைக்கு எடுக்கிறா!"

பேச்சு அந்தச் சின்யோராவின் காதுக்கும் போய், வியாழக்கிழமை அவள் சந்திரமதியை வரவேண்டாம் என்றுவிட்டாள். வேலைக் கடிதம் இல்லாமல் சந்திரமதி தன் பெர்மேசோவை, இத்தாலியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. அதற்கு மாதக் கடைசிதான் தவணை.

மறுநாள் சின்யோர் அலுமாரி முன்னால் நின்றார். "பந்துகளை யார் இடம் மாற்றியது?"

எமிலியானா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நான்தான், சின்யோர். ஒன்று குறைகிறது... சந்திரமதி..."

"ஆமாம், சந்திரமதி!" அவர் முகம் மலர்ந்தது. "நீ இல்லாதபோது அவள்தான் அந்தப் பந்தில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். அது ஆட்டக்காரர் எழுதியதே அல்ல. போர்க்காலத்தில் இங்கே வந்த சிப்பாய் ஒருவன், கபோச் சந்தையில் ஒலிவ் விற்ற கார்மேலாவுக்கு எழுதிக் கொடுத்தது. அவளுடைய அண்ணன் கோபத்தில் விற்றுவிட்டானாம். நாங்கள் இருவரும் சந்தையெல்லாம் தேடி, கிழவியின் கையிலேயே கொடுத்தோம். அழுதாள், பாவம்."

எமிலியானா தான் நினைத்ததையும் றோசமலரிடம் சொன்னதையும் அவரிடம் ஒப்புக்கொண்டாள். ஒரு வார்த்தை, இவரிடம் ஒரேயொரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலு குடும்பம் ஒன்றாயிருந்த வீட்டுக்கு ஓடினாள். சந்திரமதி குசினியில் மற்றப் பெண்களோடு சமைத்துக்கொண்டு நின்றாள்.

"சந்திரா, கொஞ்சம் அறைக்குள்ள வாரும். தனியக் கதைக்கவேணும்."

"தெரியும், அக்கா. சின்யோர் இப்பதான் போன் எடுத்தவர்." சந்திரமதி அசையவில்லை. "என்னைக் கள்ளியெண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திப்போட்டோ கேக்கப்போறியள்?"

மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்திரமதி விடவில்லை.

"ஒரு சாமானைக் காணேல்லையெண்டால் வீட்டுக்காரரைத்தான் முதல்ல கேக்கவேணும், அக்கா. கேளாமல் ஒருத்தியின்ர பேரைக் கெடுக்கிறதும் களவுதான். பந்தை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. என்ர பேரை நீங்கள் எடுத்திட்டியள்."

எமிலியானா அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பினாள். "ஓம், நான்தான் கள்ளி. இப்பவே அந்தச் சின்யோராட்டைப் போறன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலயும் நிண்டு சொல்லுறன்."

"முதல்ல சின்யோராட்டைப் போங்கோ," என்றாள் சந்திரமதி. "மாதம் முடிய இன்னும் ஆறு நாள்தான் கிடக்கு."