காதா, குடியா

என் புருஷன் கந்தவேல் சைக்கிளிலிருந்து முதல் தடவை விழுந்தபோது கொடைக்கானல் பஜாரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழை ஈரம், வழுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை ஏழு ரோடு சந்திப்பில், நல்ல வெயிலில், சைக்கிளோடு சாய்ந்து ரொட்டியெல்லாம் சாக்கடைக்குள் உருண்டதும் ஊருக்கே விஷயம் புரிந்துபோய்விட்டது. கந்தவேல் குடிக்க ஆரம்பித்துவிட்டானாம்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. கடை கிடையாது. ஆனால் காட்டுக்குள் காய்ச்சுகிறவன் இருந்தான், அவனிடம் போய்வருகிறவர்கள் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் என் புருஷனையும் சேர்த்துவிட்டார்கள். சுக்குக் காப்பி கொஞ்சம் காரமாக இருந்தாலே கண்ணில் தண்ணீர் விடுகிற மனுஷன் அவர். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நல்லுசாமி முதலாளியின் ரொட்டிக்கடையில் அவருக்கு வேலை. சுட்ட ரொட்டியைத் தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஏரியைச் சுற்றியிருக்கும் பங்களாக்களுக்குக் காலைக் காப்பிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. பூம்பாறையில் அவர் பங்குக்கு இருந்த துண்டு நிலத்தையும் அக்காவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வந்த தர்மப்பிரபு அவர்.

அந்த அக்கா சோலையம்மாள்தான் இத்தனைக்கும் காரணம். பூம்பாறையில் பூண்டு விளைவிக்கிறவள். அவளுக்கு வயிற்றுவலிக்கும் பூண்டு, நெஞ்சுச்சளிக்கும் பூண்டு, பிள்ளை பெற்றவளுக்கும் பூண்டு. தம்பிக்குக் காதில் சீழ் வடிகிறது என்று கேள்விப்பட்டதும் சீசா நிறையப் பூண்டெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு பூண்டு லாரியிலேயே வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "எங்க வெள்ளாமையில இல்லாத மருந்து அங்கன என்ன கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே தம்பி தலையை மடியில் சாய்த்து எண்ணெயை ஊற்றினாள்.

அன்றிலிருந்து தினமும் வெள்ளனே எழுந்து, எண்ணெயைச் சுடவைத்துக் காதில் விட்டு, பஞ்சை அடைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். தலை சுற்றுகிறது என்பார். சுற்றினால் இன்னும் இரண்டு சொட்டு கூட விட்டுக்கொள்வார். நிறுத்துங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் சொன்னது வேதம், கட்டியவள் சொன்னது வெறும் சத்தம். அந்தச் சத்தம் உள்ளே போகவும் பஞ்சு விடவில்லை.

இதில் இன்னொரு கூத்து. கிட்டே போனால் அவர் மேல் பூண்டு வாடை அடிக்கும். சாராய வாடையை மறைக்கத்தான் பூண்டைத் தின்கிறான் என்று பஜாரில் முடிவு கட்டினார்கள். குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். மளிகைக் கடையில் சண்டை, மாவு மில்லில் சண்டை. என் புருஷன் அந்தக் கண்றாவியைத் தொட்டதே இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

மூன்றாவது தடவை ஏரிக்கு இறங்கும் வளைவில் விழுந்தார். எதிரே வந்த கார் பிரேக் போட்டதால் ஆள் பிழைத்தார், பெட்டி நசுங்கியது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் நான் என் புருஷனிடம் சம்மதம் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. காது கேட்பதற்கு மட்டும் இல்லையாம், உடம்பு நேராக இருக்கிறதா சாய்கிறதா என்று உணர்கிற உறுப்பும் அதற்குள்ளேதான் இருக்கிறதாம். சீழ் போதாதென்று சூடான எண்ணெயை வேறு ஊற்றினால் அது தடுமாறாமல் என்ன செய்யும் என்று கோபித்துக்கொண்டார். இல்லாத சாய்வை நிமிர்த்தப் போய்த்தான் இவர் கவிழ்கிறாராம். மருந்து கொடுத்தார். சொட்டு எண்ணெய் கூடாது, தேறும்வரை சைக்கிளில் ஏறவும் கூடாது, ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் புருஷன் குடிகாரர் இல்லை என்று படித்தவர் வாயாலேயே வந்துவிட்டதே! வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ரொட்டிக்கடைக்கு நடந்தோம்.

காதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சோலி என்று முதலாளி முதலில் சிரித்தார். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நம்பமாட்டார் என்றுதான் பயந்தேன். மனுஷர் நம்பிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"அப்ப இது சீக்கும்மா," என்றார். "சீக்காளிய நான் எப்படி இறக்கத்துல அனுப்புறது? எவன் கார்லயாச்சும் அடிபட்டுச் செத்தா யாரு பதில் சொல்றது? குடின்னா பரவால்ல. பழனியாண்டவர் மேல சத்தியம் வாங்கிக்கிட்டுச் சேத்துக்குவேன். இங்க பாதிப் பேரு அப்படித்தான் இருக்கான். காதுன்னா முடியாதும்மா."

அதுவரை கதவோரமாகச் சாய்ந்து நின்ற என் புருஷன் முன்னால் வந்தார்.

"காது இல்லங்க மொதலாளி. குடிதாங்க," என்றார். "இவளுக்குத் தெரியாமக் குடிச்சேன். இனிமே தொடமாட்டேங்க. ஒரு மண்டலத்துக்குச் சைக்கிள்ல ஏறாமத் தள்ளிக்கிட்டே போறேன்னு முருகனுக்கு நேந்திருக்கேன். வெரசா எந்திரிச்சு நேரத்துக்குக் கொண்டு சேத்திருவேங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முருகன் படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றை எடுத்து நீட்டினார். வாழ்நாளில் தொடாத சாராயத்தை இனித் தொடமாட்டேன் என்று என் புருஷன் சத்தியம் செய்தார்.

கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. குழாயடியில் நான் சண்டை போட்டவளும் பன் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தாள். முதலாளிக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. மெய்யாவே குடிதானா?"

குழாயடிக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க," என்றேன். "நல்லாக் குடிப்பாரு."