அறுநூறு கிலோ மாவு

மராட்டிய நகரம் ஒன்றின் விஷ்ராந்த்வாடிப் பகுதியில் எனக்கு ஒரு தொழிற்சாலை இருப்பதாகக் கோயமுத்தூரில் என் சொந்தக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் அது ஆளந்தி சாலையை ஒட்டிய சந்தில் தகரக்கூரை போட்ட ஒரு கூடம். மூன்று பெரிய கிரைண்டர், ஒரு குளிர் அறை, ஐந்து பெண்கள், நான். இதில் வேலை தெரியாத ஆள் ஒருவன்தான். ஐ.டி. கம்பெனியில் பதினான்கு வருடம் அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், ஒருநாள் இந்த ஊரில் நல்ல இட்லி மாவு கிடைப்பதில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். அதைத் திருத்தப் போய் வந்த வினை இது.

இரண்டு வருடம் ஆன பிறகு என் மனைவி வனஜாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். மே முப்பத்தொன்றுக்குள் நிலையான பெரிய வாடிக்கை ஒன்று அமையாவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்வேன். சரசாவுக்கும் மற்ற நான்கு பெண்களுக்கும் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பது இன்னும் சரியான வாக்கியம்.

மே மாதம் மூன்றாவது வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. லோஹேகாவில் விமானப்படைக் குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்பு ஒன்றில் ஆண்டு விழா. ஞாயிறு காலை ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு இட்லி. அவர்களே அங்கே அவித்துக்கொள்வார்கள், மாவு மட்டும் நான் தர வேண்டும். அறுநூறு கிலோ. பிடித்துப்போனால் அவர்கள் கேன்டீனுக்கு வாராவாரம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் முப்பது வாளியும் நிரம்பிக் குளிர் அறைக்குள் போய்விட்டன. பன்னிரண்டரைக்குத் தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம், தண்ணீர்க் குழாயைத் தேடி மின்சாரக் கேபிளைக் கண்டெடுத்தது.

“ரவிண்ணா, லைட் கேலி!” என்று சரசா கத்தினாள், கரண்ட் போய்விட்டதாம். ஊரின் கேம்ப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. சாதாரண விஷயத்தைத் தமிழில் சொல்வாள், ஆபத்தை மராத்தியில் சொல்வாள்.

“எப்ப வருமாம்?”

“உத்யா சகாளி.”

நாளைக் காலை. நாற்பது டிகிரி வெயில், தகரக்கூரை. ஜெனரேட்டர் என் திட்டத்தில் இருந்தது, மூன்றாம் வருடப் பக்கத்தில். ஐஸ் கட்டி வாங்கி வந்து வாளிகளைச் சுற்றி அடுக்கினோம். அது என் தைரியத்தைவிடச் சற்று வேகமாக உருகியது. ஒன்றரை மணிக்கு முதல் வாளியின் மூடி லேசாக எழும்பி, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வதுபோல எட்டிப் பார்த்தது. சாயந்திரத்துக்குள் எல்லாம் அளவுக்கு மீறிப் புளித்துப் பொங்கி வழிந்துவிடும். அதோடு சேர்த்து மே முப்பத்தொன்றும் முன்கூட்டியே வந்துவிடும்.

வனஜாவுக்கு போன் செய்தேன்.

“ஏனுங்க, அந்தச் சங்கத்துல கேட்டீங்களா?”

“எந்தச் சங்கம்?”

“அதானுங்க, சமோசா சங்கம்னு நக்கலடிப்பீங்களே.”

அது எங்கள் வட்டாரச் சிறுதொழில் சங்கம். ஒன்றரை வருடம் முன்பு ஒரு விண்ணப்பத்தில், ‘ஏதேனும் சங்கத்தில் உறுப்பினரா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட அசிங்கமாக இருந்ததால் சேர்ந்தேன். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனேன், சமோசா வந்ததும் கிளம்பிவிட்டேன். செயலாளர் நிர்மல் அட்டைப்பெட்டி செய்பவர். தினமும் காலை ஆறு பத்துக்கு வாட்ஸாப் குழுவில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். குழுவை மியூட் செய்து அந்த ரோஜாவின் வாயை அடைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வெட்கத்தை விட்டுக் குழுவைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் அவசரமாக அடித்தேன்: ‘கரண்ட் இல்லை. அறுநூறு கிலோ மாவு கெட்டுக்கொண்டிருக்கிறது. குளிர் அறை வேண்டும். ரவிச்சந்திரன்.’ மற்றதெல்லாம் இந்தி. மாவு மட்டும் மாவு. எட்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் மாவுக்கு என் வாயில் வேறு வார்த்தை ஏறவில்லை.

ஒரு நிமிடத்தில் போன் அலறியது. எதிர்முனையில் ராஜஸ்ரீ தாயி. சங்கத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா, அதாவது தாயி; அவருக்கு எல்லாரும் பாவு, அதாவது சகோதரர். தானோரியில் பேடா, பர்ஃபி செய்கிறார்.

“ரவி பாவு, அறுநூறா? தப்பா அடிச்சுட்டீங்களா?”

“இல்ல தாயி, அறுநூறேதான்.”

“அரே தேவா! இன்னிக்குப் போட்டதா?”

“இன்னிக்குக் காலைல.”

“மூடியைத் திறக்காதீங்க. வர்றோம்.”

என் இந்தியைக் கேட்பவர்கள் வழக்கமாக ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். இவர் தாவவில்லை, என்ன மாவு என்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முப்பத்தைந்தாவது நிமிடம் சந்துக்குள் ஒரு டெம்போ நுழைந்தது. பின்னால் ஒரு குல்ஃபி கம்பெனியின் குளிர்வண்டி. அதற்கும் பின்னால் ஸ்கூட்டரில் நிர்மல், முதுகில் அட்டைப்பெட்டிக் கட்டோடு. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்தாராம். குல்ஃபிக்காரர் சனிக்கிழமை சாயந்திர வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நானும் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் அவருக்கு அதில் குற்றம் எதுவும் இல்லை.

ராஜஸ்ரீ தாயி இறங்கியதும் முதல் வாளியைத் திறந்தார். விரலால் தொட்டார். நாக்கில் வைத்தார். முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

“ஹே காய் ஆஹே? இது என்ன?”

“மாவு, தாயி.”

“மாவா எங்கே?”

“இதுதான் மாவு.”

“இது மாவா இல்லையே!”

“மாவா இல்ல தாயி. மாவு.”

சரசா தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ ரவிண்ணா! மாவுக்கு மராத்தில பீட், இட்லிப் பீட்னு எழுத வேணாமா? இவங்க எல்லாம் பால்கோவான்னு நெனச்சு ஓடி வந்துருக்காங்க!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் மாவா என்றால் பாலைச் சுண்டக் காய்ச்சி எடுத்த கோவா. அறுநூறு கிலோ மாவா என்றால் ஒரு தாலுகாவுக்கே தீபாவளி. தமிழன் எழுத்துப்பிழை விட்டிருக்கிறான் என்று அவர்களே திருத்திப் படித்திருக்கிறார்கள்.

“நீங்க மிட்டாய்க்காரர்னு நெனச்சேன்,” என்றார் நிர்மல், குற்றவாளிபோல. “ரெஜிஸ்டர்ல ‘உணவுப் பொருள்’னு மட்டும்தான் எழுதியிருந்தீங்க.”

ஒன்றரை வருடம் உறுப்பினர். நான் என்ன செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்பதற்கு நான் நின்றதில்லை, சமோசாவோடு போய்விட்டேன்.

தாயி வாளியை மூடினார். “என் ரூம்ல எண்பது கிலோ மாவா இருக்கு. நிஜ மாவா. இந்தப் புளிப்பு வாசனை பக்கத்துல இருந்தா அது போச்சு. ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாது.”

அதில் நியாயம் இருந்தது. விலையுயர்ந்த பொருளைக் காப்பாற்ற வந்தவர்களிடம் உளுந்தையும் அரிசியையும் காப்பாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? “பரவாயில்லை தாயி, தப்பு என்னுது. வந்ததே பெரிசு,” என்று ஆரம்பித்தேன். இரண்டாவது மூடியும் எழும்பி வணக்கம் சொன்னது.

தாயி அதைப் பார்த்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சரசாவையும் பார்த்தார்.

“யாருக்கு இது?”

சொன்னேன். லோஹேகாவ், ஆயிரத்து ஐந்நூறு பேர், வாராவாரம். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்த மே முப்பத்தொன்றும் கூடவே வழுக்கி வெளியே விழுந்துவிட்டது. சரசா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

தாயி குல்ஃபிக்காரர் பக்கம் திரும்பினார். “உன் வண்டி ராத்திரி பூரா ஓடுமா?”

“டீசல் இருக்கு தாயி.”

“சரி. என் மாவா உன் வண்டிக்குள்ள போகட்டும். இவர் மாவு என் ரூமுக்குள்ள போகட்டும். உசலா!”

தூக்கு என்று அர்த்தம். யாரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. நிர்மல் முதல் வாளியைத் தூக்கினார், இடுப்பு வலியோடு. அப்படியாக மூன்றே கால் மணிக்கு, எண்பது கிலோ மாவா தன் சொந்த வீட்டை விட்டு வெளியேறி, என் முப்பது வாளி மாவு உள்ளே குடியேறியது. அட்டைப்பெட்டிகளும் வீணாகவில்லை, வாளிகள் உருளாமல் இடையில் செருகினோம்.

திரும்பும்போது டெம்போவில் சரசா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மூடப் போறீங்களா ரவிண்ணா?”

“தெரியல.”

“தெரியலைன்னா எங்ககிட்டயும் சொல்லணும்ல? ஆறு பேரும் சேர்ந்து தெரியாம இருந்திருக்கலாம்ல?”



ஞாயிறு காலை ஐந்து மணிக்கு தாயியே கதவைத் திறந்தார். மாவு பொங்கி வழியவும் இல்லை, அளவுக்கு மேல் புளிக்கவும் இல்லை, மரியாதையாகக் காத்திருந்தது. ஒன்பது மணிக்கு லோஹேகாவில் ஆயிரத்து ஐந்நூறு பேர் சாப்பிட்டு முடித்து, சிலர் இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். கேன்டீன் பொறுப்பாளர் வாரத்தில் எந்தக் கிழமை வசதி என்று கேட்டார். ‘எல்லாக் கிழமையும்’ என்றேன், வியாபாரத் தந்திரம் கொஞ்சமும் இல்லாமல்.

திரும்பும் வழியில் நானும் சரசாவும் ஒரு பாத்திரம் சூடான இட்லியும் சட்னியுமாகத் தாயி வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு துண்டைப் பிட்டார், வாயில் போட்டார், கண்ணை மூடினார்.

“கிதீ மவூ!”

“தாயி, மாவு நேத்து. இது இட்லி,” என்று திருத்தினேன். பிழை திருத்திப் பழகிய வாய்.

சரசா சிரித்த சிரிப்பில் சட்னி கொட்டியது. “ரவிண்ணா, மராத்தில மவூன்னா மெத்துமெத்துன்னு இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு மிருதுன்னு சொல்றாங்க!”

தாயிக்கு நன்றி சொல்ல இந்தி வாக்கியம் ஒன்றை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதை ஆரம்பிப்பதற்குள் அவர் இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டார், அதனால் நன்றி போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி காலை ஆறு பத்துக்கு நிர்மலின் ரோஜாப்பூ வந்தது. இப்போதெல்லாம் அது சத்தம் போட்டுக்கொண்டுதான் வருகிறது. நானும் ஒரு பூ அனுப்பினேன்.

வனஜா காப்பியோடு வந்து நின்றாள். “ஏனுங்க, இன்னிக்குத் தேதி என்னன்னு தெரியுமுங்களா?”

“முப்பத்தொண்ணு.”

“என்னமோ சொன்னீங்களே?”

“சாயந்திரம் சங்கத்துல மீட்டிங். சமோசாவுக்குப் பதிலா இட்லின்னு தாயி சொல்லிட்டாங்க. நூத்தி இருபது அவிக்கணும்,” என்றேன். “நீயும் வா. இந்தத் தடவை கடைசி வரைக்கும் உட்காரப் போறேன்.”