நெவில் கழற்றிய நட்டுகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய்யை இங்கிலீஷில் எழுதினேன். எங்கள் கிளப்பின் தலைவர் கிரஹாம் கேட்டுக்கொண்டபடி, காலஞ்சென்ற நெவில் ஆஸ்பினைப் பற்றி மாத இதழுக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கனிவானவர், பொறுமைசாலி, பிறர் உழைப்பை மனம் திறந்து பாராட்டியவர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். கிரஹாம் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது யாரைப் பற்றி என்று கேட்டார்.

ஆகவே உண்மையைத் தமிழில் எழுதுகிறேன். நான் இருக்கும் இங்கிலாந்து ஊரான பர்ன்லியில் இதைப் படிக்கக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டார்தான். இரண்டு வீட்டாரும் என்னோடு பேசுவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுடையது வீட்டிலேயே கார் செய்பவர்களின் கிளப். ஒரு கம்பெனி இரும்புச் சட்டத்தையும் ஃபைபர் கூட்டையும் பெட்டி பெட்டியாக அனுப்பிவைக்கும். எஞ்சினை ஏதாவது பழைய காரிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். மிச்சமெல்லாம் மனைவியின் பொறுமையிலிருந்து வரும். முடிந்ததும் அரசாங்க ஆய்வாளர் ஒருவர் பார்த்து, ரோட்டில் ஓட்டலாம் என்று சொல்ல வேண்டும். கடையில் ஒரு காரை வாங்கியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும், மேலே கூரையும் இருந்திருக்கும். இப்படிச் சொல்கிறவர்களை நாங்கள் கிளப்பில் சேர்ப்பதில்லை.

2

வரைவு ஒன்று: "பர்ன்லியில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். பெய்யாத நாளாக இருந்தால் எழுதலாம்.)

வரைவு இரண்டு: "நெவில் ஆஸ்பின் ஓர் அபூர்வமான மனி" (இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

வரைவு மூன்று: "நெவில் செத்தது சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில். முன்பின் தெரியாத ஒருவரிடம், அவருடைய காரின் சைலன்சரில் என்ன கோளாறு என்று விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கச் சொல்லி அந்த மனிதர் கேட்கவே இல்லை." (இது இருக்கட்டும், இது உண்மை. அவர் இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தார். கோளாறு நெவில் சொன்ன இடத்தில்தான் இருந்ததாம்.)

அவன் என்றா எழுதுவது? என்னைவிடப் பத்து வயது மூத்தவன். 'அவர்' போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்து உட்கார்ந்துகொண்டார். மறுபடி 'அவன்' ஆக்கிவிட்டேன்.

நான் செய்த காரை முதன்முதலாகப் பார்த்தபோது நெவில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். கதவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து மூடினான்.

"கதவு நல்லா மூடுது தம்பி," என்றான். "நீ அலமாரி செஞ்சிருக்கலாம்."

3

என் மனைவி கோமதியின் இறுதிச் சடங்குக்கு அவன் வந்திருந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைக் கொண்டுபோன வண்டியின் எஞ்சினில் ஒரு தட்டல் இருப்பதாகச் சொன்னான். வந்தவர்களுக்கு வைத்திருந்த சமோசாக்களைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். புறப்படும்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"சனிக்கிழமை சும்மாதானே கிடப்பே? வந்து ஸ்பேனரைப் பிடி."

போனேன். மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது வேண்டுமானால் கூப்பிடு என்றார்கள். வா என்று சொன்னது அவன் ஒருவன்தான். அதிலிருந்து பதினோரு வருடம் என் சனிக்கிழமைகள் நெவிலின் கராஜில் கழிந்தன. பச்சை நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு கார். அதைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம், அல்லது செய்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் எதையாவது மாட்டிவிட்டு வருவேன். அடுத்த சனிக்கிழமை போனால் அது கழன்று பெஞ்சின் மேல் கிடக்கும். போன வாரம் மாட்டினது கோணல், திரும்பப் போடு என்பான். நான் போடுவேன். அவன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்து, நாற்பது வருடம் ஸ்பேனரைத் தொட்டவன் என்ற முறையில் மூக்கால் ஒரு சத்தம் போடுவான். அவன் மனைவி மோரீன் அடுப்படியிலிருந்து தேநீரும் சீஸ் சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைப்பாள். இரண்டு கிழவர்களும் இன்னும் சண்டை போடவில்லையா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

(ஓரக்குறிப்பு: இத்தனை திட்டு வாங்கிக்கொண்டு ஒருவன் ஏன் திரும்பத் திரும்பப் போனான் என்று வாசகர் கேட்கலாம். பாத்திரப் படைப்பில் இது ஓட்டைதான். அடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயதான மனிதன், உதவிக்கு ஆளில்லை, பாவம் என்றுதான் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

4

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது காரை முடிக்காமல் இறந்துபோனால் மற்றவர்கள் சேர்ந்து அதை முடிப்பார்கள். கோடைக் கண்காட்சியன்று அந்தக் கார்தான் ஊர்வலத்தில் முதலில் போகும். பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவி உட்கார்ந்து வருவார். போன தடவை உட்கார்ந்த பெண்மணி வழி நெடுக கண்ணைத் திறக்கவே இல்லை. நாங்கள் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படித்தான் நெவிலின் கராஜுக்குள் கிரஹாமும் நானும் இறங்கினோம். சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போனோம். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. எல்லாப் பாகமும் தயாராக இருந்தது. எடுத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

பெஞ்சுக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. திறந்தால் உள்ளே பெயிண்ட் இல்லை, பழைய நட்டுகள். நாங்கள் காருக்குப் போடும் நட்டில் உள்ளே ஒரு நைலான் வளையம் இருக்கும். ஒரு தடவை இறுக்கிக் கழற்றினால் அதன் பிடி போய்விடும், புதிது போட வேண்டும். ஒரு காருக்குச் சில நூறு நட்டு போதும். அங்கே பத்துக் கார்களுக்குக் காணும் அளவுக்கு, ஒருமுறை போட்டுக் கழற்றியவை கிடந்தன.

"கஞ்சப்பய," என்றார் கிரஹாம். "குப்பையக்கூடத் தூக்கிப் போட மனசு வரல."

அவர் சொன்னதை நம்பினேன். நெவிலைப் பற்றி யார் என்ன மோசமாகச் சொன்னாலும் நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. கிரஹாம் அதோடு நிற்கவில்லை. ஒரு நட்டும் இனிமேல் அசையக் கூடாது என்று வளையம் போதாதென்று பசையும் ஊற்றி இறுக்கினார். நண்பனுக்குச் செய்கிற வேலை என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றத்தானே தோன்றும்.

ஆய்வில் கார் முதல் தடவையிலேயே தேறியது. காரில் கூர்மையான விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. நாங்கள் எல்லோரும் ஆய்வுக்கு முந்தின நாள் ரப்பர் பட்டையை ஒட்டுவோம், ஆய்வு முடிந்ததும் பிய்த்து எறிவோம். நெவிலோ ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் ராவி வைத்திருந்தான். ஆய்வாளர் விரலை ஓட்டிக்கொண்டே போய், ஒன்றும் அகப்படாமல் முகம் வாடிவிட்டார். கிரஹாம் என்னைக் கட்டிப்பிடித்தார். பர்ன்லியில் ஆண்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை.

5

இன்று சனிக்கிழமை. கண்காட்சி நாளைக்கு. கார் சாவியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மோரீன் வெளியே வந்து காரைப் பார்க்கவில்லை.

"அப்ப முடிச்சிட்டீங்க," என்றாள்.

நெவில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்றேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எப்பவோ முடிஞ்சிருக்கும் கண்ணு. நீ சனிக்கிழமை மாட்டிட்டுப் போவே. மறுநாளே இவரு போய் உக்காந்து கழட்டுவாரு."

கோணலாக மாட்டினால் கழற்றத்தானே வேண்டும் என்றேன்.

"கோணலா? நல்லா மாட்டியிருக்கான்னுதான் என்கிட்ட வந்து சொல்லுவாரு. அப்புறம் எதுக்குக் கழட்டுறீங்கன்னு கேட்டா, முடிஞ்சுபோச்சுன்னா அவன் சனிக்கிழமை எங்க போவான்னு என்னைக் கேப்பாரு."

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் ஒரு மௌனத்தை வைப்பான். நான் கத்தினேன். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை, "நல்லா மாட்டியிருக்கேடா" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று, இல்லாத ஆளைப் பார்த்துக் கத்தினேன். பிறகு அழுதேன். கோமதிக்குக்கூட நான் அடுத்தவர் வீட்டில் நின்று அழவில்லை. மோரீன் கெட்டிலைப் போட்டாள், இங்கே இதற்கெல்லாம் அதுதான் வைத்தியம். நெவில் எனக்கு இன்னும் வேண்டியிருந்தான்.

தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"நாளைக்கு அந்தக் கூரையில்லாத வண்டியில உக்காரணும்னா உக்காருறேன், அதுக்கென்ன. ஆனா அவரு போனப்புறமும் நீங்க ரெண்டு பேரும் வந்து தட்டிக்கிட்டே இருந்தீங்க பாரு, அதுவரைக்கும் இது வீடா இருந்துச்சு. ஓட்டணும்னா ஓட்டு. இல்லேன்னா கழட்டு. எனக்கு அங்கேருந்து சத்தம் வரணும், அவ்வளவுதான்."

6

எழுதியவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். ஐந்தாம் பகுதியில் வருகிற நெவில் இரண்டாம் பகுதியில் வந்தவன் மாதிரி இல்லை. அலமாரி என்றவன் எங்கே, சனிக்கிழமை நான் எங்கு போவேன் என்று கவலைப்பட்டவன் எங்கே. பத்திரிகைக்கு அனுப்பினால் பாத்திரத்தில் ஒருமை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், சரியாகவே.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நான் மாட்டியது நிஜமாகவே கோணலாக இருந்திருக்கலாம். தனியாக நிற்கிற மனிதன் ஒருவனைப் பார்த்து மோரீன் அந்த நேரத்தில் கட்டிய கதையாகவும் இருக்கலாம். டப்பாக்களில் உள்ள நட்டுகள் இரண்டு கதைக்கும் பொருந்துகின்றன, அவற்றைக் கேட்டுப் பயனில்லை. பொய்யாகவே இருந்தாலும், என் அரைப் பக்கத்தைவிட நல்ல பொய்.

7

முடிவு அ: நாளை வெயில் அடிக்கிறது. (கதைதானே.) பச்சைக் கார் முன்னால் போகிறது. மோரீன் பக்கத்தில், கிரஹாம் பின்னால் தன் காரில் அழுதுகொண்டு, ஓரத்தில் ஜனங்கள் கைதட்டிக்கொண்டு. அடுத்த மாதம் பக்கத்து ஊரான பிளாக்பர்னிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்து காரை வாங்கிப்போகிறார். கராஜில் துணி உலர்த்துகிறார்கள். நான் சனிக்கிழமைகளில்

(மேலே எழுத வரவில்லை.)

முடிவு ஆ: நான் இப்போதே கழற்றத் தொடங்குகிறேன். கிரஹாம் பசை ஊற்றியதால் ஒவ்வொரு நட்டையும் சூடுகாட்டித்தான் அசைக்க முடியும். மாதக் கணக்கில் ஆகும். கிளப் என்னை விலக்கிவைக்கும். இறந்த நண்பனின் காரைப் பிரித்துப் போட்டவன் என்று இதழில் அரைப் பக்கம் வரும், அதில் பொய் எதுவும் இருக்காது.

இப்போது ஒரு கையில் சாவியும் மறு கையில் ஸ்பேனருமாகக் கராஜில் நிற்கிறேன். (பார்க்க நன்றாக இருக்குமே என்று எழுதினேன். உண்மையில் இரண்டும் பெஞ்சில் கிடக்கின்றன. கைகள் கால்சட்டைப் பைக்குள் இருக்கின்றன.) சாவியைத் திருப்பினால் பெரிய சத்தம் வரும், ஊரே கேட்கும், நாளையோடு தீர்ந்துவிடும். ஸ்பேனரை எடுத்தால் சின்னச் சத்தம். அதை நான் இருக்கும்வரை இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் முடிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே ஒரு காரைச் செய்ய நெவிலுக்குத்தான் முடிந்தது. எனக்கு வருமா என்று தெரியவில்லை.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிதானமாக யோசிக்க நேரமில்லை, அடுப்படி ஜன்னல் திறந்திருக்கிறது.

"என்ன கண்ணு," என்கிறாள் மோரீன், "இன்னும் ஒரு சத்தத்தையும் காணோம்?"