எழுநூற்றைம்பது கிலோ

என் அக்கா புருஷன் மூன்று வருடமாக ஒரு டிரெய்லரைப் பயணத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். பயணம் மட்டும் நடக்கவில்லை.

வாங்கியபோது அது நல்ல சாமான். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்னப் பெட்டி. இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க ஒரு மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க ஒரு பலகை. மண்பாதை, கல்பாதை எல்லாம் தாங்கும்படி உயரமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அத்தான் கிளம்பவில்லை. "கம்பெனி கொடுத்தபடியே யாரும் வெளிய எடுக்க மாட்டாங்க" என்றார்.

இந்த மாதிரி டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. பதினோராயிரம் பேர். அதில் அத்தானுக்குக் கமாண்டர் என்று பட்டம். யார் கொடுத்தது என்று விசாரித்தேன். அவரே வைத்துக்கொண்டதுதான். காட்டாற்றை எப்படிக் கடப்பது, மணலில் டயர் காற்றை எவ்வளவு குறைப்பது என்று தினமும் எழுதுவார். டிரெய்லர் அதுவரை வீட்டு வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை போய் வந்திருந்தது. இரண்டு தடவை.

பிழைப்புக்கு அவர் ஓர் அலுவலகத்தில் இருந்தார். மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் விடுபட்ட கட்டத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. அதில் கெட்டிக்காரர் என்று கேள்வி.

நான் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இரவு ஷிப்ட் வெல்டர். டிரெய்லர் வாங்கிய வருடமே, ஒரு நாள் ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது முகமூடியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன், திரும்பிப் போகவில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில் வந்து விழுந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து, "மச்சான், சும்மாதானே இருக்க?" என்றார்.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை.

முதலில் கூரைக்கு மேல் சாமான் கட்டும் இரும்புச் சட்டம். பிறகு பக்கவாட்டில் விரிக்கிற பந்தல். அடிப்பக்கம் கல் அடிக்காமலிருக்க முழு நீளத்துக்குத் தகடு. பின்னால் நூற்றுப் பத்து லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இரண்டு பேட்டரி. இழுத்தால் வெளியே வருகிற ஃப்ரிட்ஜ். கெட்டிப் பலகையில் ஆறு இழுப்பறை வைத்த சமையல் மேடை. ஒரு மாற்றுச் சக்கரம் போதாதென்று இரண்டாவது. ஒவ்வொன்றும் குரூப்பில் எவனோ போட்ட போட்டோவிலிருந்து வந்தது.

ஒரு நாள் வின்ச் வந்தது. சேற்றில் மாட்டினால் கம்பிவடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கிற மோட்டார்.

"இதைக் காருக்குத்தானே அத்தான் போடுவாங்க?"

"டிரெய்லர் மட்டும் தனியா மாட்டிக்கிட்டா?"

"தனியா எப்படிப் போய் மாட்டும்? கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிடுமா?"

"உனக்கு அனுபவம் இல்ல மச்சான்" என்றார், பெட்ரோல் பங்க் போய் வந்தவர்.

நான் வெல்டு அடித்துக் கொடுத்தேன். நன்றாகவே அடித்தேன்.

கடைசியாகக் கறுப்புப் பெயிண்ட். டிரெய்லர் கழுத்தில், கொக்கிக்குப் பக்கத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு தகடு ஆணியடித்திருந்தது. அழுக்கைத் துடைத்துப் படித்தேன். மொத்த எடை எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. டிரெய்லர், அதில் ஏற்றுகிற சாமான், எல்லாம் சேர்த்து. நான் அதுவரை அடித்த இரும்பை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். கூட்டி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. தகட்டின் மேலேயே பெயிண்ட் அடித்தேன். கமாண்டர் ஒரு நாள் நடுரோட்டில் அச்சு முறிந்து நிற்கட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். அவர் எங்கும் போகப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அது பாவமாகக்கூடத் தோன்றவில்லை.

அக்காவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். இருபது வருடமாக நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளி லிஃப்ட்டில் ஏற்றி இறக்குகிறவள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்பது நாள் லீவு வைத்திருந்தாள். போன வருடம் அது பேட்டரிக்குக் காத்திருந்து போயிற்று, அதற்கு முந்தின வருடம் பந்தலுக்கு. இந்த முறை மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் அழிந்துவிடும். அடுத்த மாதம் அவளை வார்டு பொறுப்பாளராகப் போடுகிறார்கள். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு நீண்ட லீவு கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை லீவு ஆரம்பம். அத்தானிடம் காலண்டரைக் காட்டி, "சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமை" என்றாள். அவரும் சரி என்றார். தயாராகாமல் இருக்க அவரிடம் இனி எந்தச் சாமானும் பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியை நிரப்பி, துணி, பாத்திரம் எல்லாம் ஏற்றி, மூன்று பேரும் டயருக்குக் காற்றடிக்கப் போனோம். பெரிய ரோட்டில் அறுபதைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. காரின் பின்பக்கத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. அக்கா முன்சீட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது?"

"காத்து" என்றார் அத்தான்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

டயர் கடைக்காரர் குனிந்து அடியில் பார்த்தார். வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் அளவுகோல் மாதிரி நேராக இருந்தன.

"அண்ணே, இதை எடை போட்டீங்களா?"

"இது ஆயிரத்து ஐநூறு தாங்கும்" என்றார் அத்தான்.

"யாரு சொன்னா?"

"குரூப்ல."

கடைக்காரர் அவருடன் பேச்சை முடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "நாலு கடை தள்ளி எடை மேடை இருக்கும்மா. ஒரு தடவை ஏத்திப் பாத்துட்டுப் போங்க."

மணல் லாரிகள் ஏறுகிற மேடை அது. கார் மேடையைத் தாண்டி நிற்க, டிரெய்லர் மட்டும் மேடை மேல் வரும்படி நிறுத்திக் கொக்கியைக் கழற்றினோம். கூண்டுக்குள்ளிருந்த ஆள் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "ஆயிரத்து முப்பது."

"பாத்தியா, ஆயிரத்து ஐநூறுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு" என்று அத்தான் என் தோளைத் தட்டினார்.

அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதுவரை அதைத்தான் செய்தேன். அக்காவின் முகத்தில் சனிக்கிழமை தெரிந்தது. இந்தச் சாமான் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எங்காவது கவிழும்.

"எழுநூத்தம்பதுதான்" என்றேன்.

"என்னது?"

"அது தாங்குற எடை. கழுத்துல தகடு இருக்கு."

அத்தான் ஓடிப்போய்ப் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்லையே."

"பெயிண்ட்டுக்கு அடியில."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நான்."

"படிச்சுட்டா அடிச்ச?"

"ஆமா."

அவள் திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அவள் திட்டவில்லை. ஏதோ ரிப்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம், "இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"பெரிய அச்சு போட்டுடலாம். ஆர்டர் கொடுத்தா ஆறு வாரத்துல வந்துடும்."

"ஆறு வாரம் கழிச்சு லீவு யாரு தருவா, உங்க குரூப்பா?"

பின்னால் லாரிகள் ஹாரனை அழுத்தத் தொடங்கின. முன்பக்கம் கேட் பூட்டியிருந்தது, லாரிகள் ஒதுங்கி வழிவிட, ஏறிய வழியிலேயே பின்னால் இறங்க வேண்டும். கொக்கியை மாட்டினோம். கமாண்டர் ரிவர்ஸ் எடுத்தார். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் ஒரு நீண்ட பதிவே எழுதியிருக்கிறார். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் டிரெய்லர் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக் கார் மேலேயே வந்து சாய்ந்தது. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "சார், வண்டி உங்களோடதா, வாடகைக்கு எடுத்ததா?" என்றார்.

"இறங்குங்க" என்றாள் அக்கா.

அவள் உட்கார்ந்தாள். முன்சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும் கட்டிலை எத்தனை வருடம் தள்ளியிருப்பாளோ, கை தானாக எதிர்ப்பக்கம் போயிற்று. டிரெய்லர் ஒரே மூச்சில் நேராக இறங்கியது. லாரி டிரைவர் கைதட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் என்னிடம் சொன்னாள். "நீ மாட்டினதை எல்லாம் அறுத்து எடு. சாயங்காலத்துக்குள்ள."

"அத்தான் ஒத்துக்கணும்."

"நான் உன்கிட்டதான் சொன்னேன்."

அறுக்கிற மெஷினை எடுத்தேன். இந்த நாளை நான் பல தடவை கற்பனை செய்திருக்கிறேன், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அறுப்பது போல. சிரிக்க முடியவில்லை. வெல்டு ஒவ்வொன்றும் இரும்பைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தது. பஸ் கூட்டுக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை. உதவாத வேலைக்கு எவ்வளவு ஒழுங்கு! தீப்பொறி பறந்து சட்டையில் ஓட்டை விழுந்தது. கமாண்டர் கழன்று விழுந்த ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் ஒரு கோரிக்கை.

"ஃப்ரிட்ஜ் மட்டும் இருக்கட்டுமே."

"ஒம்பது நாளைக்குப் பால் பவுடர் போதும்" என்றாள் அக்கா.

"பந்தல்?"

"குடை இருக்கு."

"வின்ச்சாவது?"

அவள் என் பக்கம் திரும்பி, அறு என்று கையைக் காட்டினாள்.

நாலு மணிக்கு மெத்தையும் பலகையும் ஒரே ஒரு மாற்றுச் சக்கரமும் மிஞ்சின. தொட்டி இருந்த இடத்தில் இருபது லிட்டர் கேன் ஒன்று, அதையும் பின்பக்கம் கனக்காதபடி அச்சுக்கு முன்னால் வைத்துக் கட்டினேன். மறுபடி எடை மேடைக்குப் போனோம். அக்காதான் ஓட்டினாள். துணிமணியோடு அறுநூற்று நாற்பது. அறுபதிலும் வால் ஆடவில்லை.

திரும்பி வந்தபோது அத்தான் வாசலில் நின்றார். டிரெய்லரில் அங்கங்கே நான் அறுத்த தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"இது டிரெய்லரே இல்ல. சக்கரம் வெச்ச கட்டில்."

"எனக்குக் கட்டில்தான் வேணும். மத்தவங்க படுக்கிறதைத் தள்ளியே அலுத்துப் போச்சு."

"இப்படியே எடுத்துட்டு நான் வர முடியாது. தெரிஞ்சவங்க நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"சரி."

"சரின்னா?"

"வராதீங்க."

அவர் அதைக் கோபத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். காலையில் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் குளித்துவிட்டு, இரண்டு சட்டையைப் பையில் திணித்துக் காரின் பின்சீட்டில் வைத்தேன். யாராவது கூட ஓட்ட வேண்டும், டயர் மாற்ற வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா வந்து பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எங்க?"

"துணைக்கு வரேன்."

"வேணாம்."

"தனியாவா போற? வழியில டயர் பஞ்சரானா?"

"மாத்தத் தெரியும்." கதவைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவரு தெரியாம செஞ்சாரு. நீ தெரிஞ்சே செஞ்ச. உங்க ரெண்டு பேர்ல யாரைக் கூட்டிட்டுப் போகலாம்னு ராத்திரி யோசிச்சேன்டா. யாரும் வேணாம்னு வந்துச்சு. சாப்பாடு நீங்களே பாத்துக்கோங்க."

"அக்கா, நான் வேணும்னு..."

"கொக்கி பூட்டிருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பூட்டியிருந்தது. சொன்னேன். அவள் கிளம்பினாள்.

வண்டிச் சத்தம் கேட்டு அத்தான் பனியனோடு ஓடிவந்தார். டிரெய்லர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிடுவார் என்று நினைத்தேன். போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ தட்டினார். நான் தரையில் கிடந்த இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிவாக்கில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தெருமுனை டிரெய்லர் படம். அதன் கீழே, எடையைக் குறைப்பதுதான் இனிமேல் சரியான வழி என்றும், பல வருட அனுபவத்துக்குப் பிறகு தான் இந்த முடிவுக்கு வந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

"முந்நூறு பேர் லைக் போட்டிருக்காங்க மச்சான். எந்த ஊர்ப் பக்கம் போறீங்க கமாண்டர்னு ஒருத்தன் கேக்குறான்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ எங்க போறதா உன்கிட்ட சொன்னா?"

"சொல்லல."

"நீ கேக்கலையா?"

"இல்ல. நீங்க?"

அவர் போனைப் பார்த்தார். இந்த மூன்று வருடத்தில் எங்கே போக வேண்டும் என்று அவளிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.