கலேவெலயில் இருபது நிமிடம்

நான் காவலுக்குப் போகவில்லை. கொழும்பில் இருக்கும் என் தங்கை ஸம்றாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாளாகிவிட்டது, பார்க்கப் போகிறேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். என் கணவர் மிஹ்லார் ஏழு மாதங்களுக்குப் பிறகு மறுபடி பஸ் ஓட்டும் முதல் நாளில் அந்தப் பயணம் அமைந்தது தற்செயல். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் எனக்கு இடம் கிடைத்ததும் தற்செயல்தான். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும்.

நடந்ததை மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டியவர், நித்திரையை விரட்டப் போதைக் குளிசை போடப் பழகிவிட்டார். பொலிஸார் வழியில் மறித்துச் சிறுநீர்ச் சோதனை செய்தபோது பிடிபட்டார். லைசென்ஸ் போனது. மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலில் கிடந்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வெளியே போகச் சொல்லும் உரிமையும் என் கையில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. "எழும்புங்க, கிளினிக்குக்குப் போவம்" என்றேன். போனார். ஒரு கிழமைகூடத் தவறாமல் போனார். பிறகு இரண்டு சோதனை, இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. லைசென்ஸும் கைக்கு வந்தது.

பஸ் முதலாளி முர்ஷித் ஹாஜியார் பகல் பஸ்ஸைத் தந்தார். பஸ் சாவியோடு கூடவே ஒரு நிபந்தனை.

"ஒரு மாசம் பாப்பன் மிஹ்லார். ஒரேயொரு ஆள் எனக்கு கோல் எடுத்துக் குறை சொன்னாலும் திறப்பத் தந்துட்டுப் போயிரணும்."

அவருடைய நம்பர் டிரைவர் சீட்டுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மிஹ்லார் ஓட்டுவதில் குறை கண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பவள் அல்ல நான். ஒரு குறையும் காணவில்லை. குறையெல்லாம் பயணிகளிடம்தான். கொழும்பு பஸ்ஸில் ஏறினால் மட்டக்களப்பு வருமுன் வாயைப் பிளந்து உறங்கும் சனம் எங்கள் சனம். அன்றைக்குப் பொலன்னறுவை தாண்டியும் ஒருத்தரும் கண் மூடவில்லை. எல்லாக் கண்ணும் அவருடைய பிடரியில். மூன்றாவது வரிசையில் பாண்டிருப்பு கனகரெத்தினம் ஐயா, இளைப்பாறிய தபாலதிபர், ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹபரணையில் சோறு சாப்பிட்டோம். தம்புள்ளை கழிந்ததும் வெயில் முன்பக்கமாக அடித்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மிஹ்லாருடைய கண்ணைப் பார்த்தேன். இமை ஒரு தடவை தாழ்ந்து நிமிர்ந்தது. முன்பென்றால் இந்த நேரத்தில்தான் சட்டைப் பைக்குக் கை போகும். கை போகவில்லை. கலேவெலவுக்குக் கிட்ட, ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால், மர நிழலில் பஸ்ஸை ஓரம் கட்டினார். எழும்பித் திரும்பினார்.

"எனக்கு நித்திர வருகுது. இருபது நிமிசம் படுத்துட்டு ஓட்டுறன். டீ குடிக்கிற ஆக்கள் குடிங்க."

டிரைவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்து ஒருவரும் கேட்டதில்லை. என்ஜின் சூடாகிவிட்டது, டயரில் காற்றுப் போதாது என்று எதையாவது சொல்லித்தான் நிறுத்துவார்கள். இந்த மனிதருக்கு ஒரு சின்னப் பொய் வரவில்லையே என்று நானே நொந்துகொண்டேன்.

"பழைய வேலயத் தொடங்கிட்டான் போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எங்களுக்கு அரை மணி நேரம் பிந்திப் புறப்பட்ட பஸ், ஹோர்னை அலறவிட்டபடி எங்களைத் தாண்டிப் போனது. கனகரெத்தினம் ஐயா எழுந்து, மேலே இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து ஃபோனில் அழுத்தினார்.

கொண்டக்டர் சுஜிந்தன் ஓடி வந்தான். "ஐயா, எடுக்காதீங்க ஐயா."

"எடுக்கட்டும் சுஜி" என்றார் மிஹ்லார்.

ஐயா ஸ்பீக்கரைப் போட்டார். "ஹாஜியார், உங்கட பஸ் கலேவெலயில நிக்குது. டிரைவருக்கு நித்திரயாம்."

"அவர்ட்டக் குடுங்க."

மிஹ்லார் ஃபோனை வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சத்தமாகக் கதைத்தார். "ஓம் ஹாஜியார், நித்திர வந்திச்சி, நிப்பாட்டிட்டன். முந்தி நான் நிப்பாட்டல்ல, குளிசயப் போட்டன். இனி ஒரு மாசத்துல பத்துத் தரம் வந்தாலும் பத்துத் தரமும் நிப்பாட்டுவன். சரிவராதெண்டா கொழும்புல ஆக்கள இறக்கிட்டுத் திறப்பத் தாறன்."

குரலில் நடுக்கம் இல்லை. ஏழு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த குரல் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஹாஜியார் கேட்டார்: "ஐயா, நீங்க இப்ப குறை சொல்லத்தான் எடுத்தீங்களா?"

கனகரெத்தினம் ஐயா ஃபோனைப் பார்த்தார், மிஹ்லாரைப் பார்த்தார். நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல ஹாஜியார்" என்றார். "இருபது நிமிசம் பிந்தும் எண்டு சொல்லத்தான் எடுத்தன்."

"அப்ப அவரப் படுக்கச் சொல்லுங்க."

மிஹ்லார் கடைசிச் சீட்டில் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு படுத்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. கனகரெத்தினம் ஐயா வாசலில் நின்று, டீ குடித்துவிட்டு ஏறியவர்களை எல்லாம் அதட்டினார். "மெல்லக் கதையுங்க, மனிசன் படுக்குதெல்லா?" அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன். மீதி இன்னும் இருக்கிறது.

சரியாக இருபதாவது நிமிடம் மிஹ்லார் எழும்பி, முகம் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ்ஸை எடுத்தார். கொஞ்சத் தூரம் போனபின் நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தது. கனகரெத்தினம் ஐயா கம்பியை விட்டுவிட்டு, வாயைப் பிளந்தபடி, பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்திருந்தார்.

மிஹ்லார் இரவு பஸ் ஓட்டிய நாலு வருடமும், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கோல் வரும்வரை நான் கண் மூடியதில்லை. காவலுக்குப் போகவில்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? "எழும்பு புள்ள, கொழும்பு வந்திட்டு" என்று அவர் என் தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன்.