கறுவலின் கடைவாய்

மீன், இறைச்சி என்று மச்சம் விட்ட வீட்டில் பூனைக்கும் விரதம் என்று சட்டம் போட்டவள் சுகந்தினி. அம்மாள் கோயில் பொங்கல் முடியுமட்டும் குசினிக்குள் மீன் வாடையே வரக்கூடாதாம். பூனை கறுவலுக்கும் சோறும் தயிரும்தானாம். போன வருசம் புருசன் தவராசா இடையில் விரதத்தை முறித்த கிழமைதான் யானை வந்து வயலை உழக்கிவிட்டுப் போனது. இவர் தின்ற மீன் யானைக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கோயில் வீதியில் நேர்த்தி வைத்த ஆண்கள் உருள, பெண்கள் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். இந்தமுறையும் விரதத்தை முறித்தால் அந்தக் கொதிமணலில் அவர் உருளத்தான் வேண்டும் என்று, அயலட்டைக்கும் கேட்கச் சொல்லி வைத்திருந்தாள்.

தவராசாவின் உடம்போ நெல்லு மூட்டை. உருளத் தொடங்கினால் நிற்பாட்டுவது கஷ்டம்.

ஆனால் நாக்கு கேட்டால்தானே. சுகந்தினி ஓமந்தையில் தங்கை வீட்டுக்குப் போன அன்று, மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிற நஜீமை வயல் பக்கமாக மறித்து ஒரு விரால் வாங்கினார். வயல் கொட்டிலில் பொரித்து, வாழையிலையில் வைத்து, முதல் வாய் போட்டபோது காலடியில் கறுவல் நின்றது. மணம் பிடித்து வந்த கள்ளப் பூனை. தலையையும் நடுமுள்ளையும் அதற்குப் போட்டார். அதுவும் தின்றது, இவரும் தின்றார். விசயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார் அந்த அப்பாவி.

அன்று பொழுதுபடச் சுகந்தினி ஒரு பையோடு திரும்பிவந்தாள். அடுத்த நாளே கறுவல் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. வாயில் எச்சில் வடிந்தது. முன்காலால் தாடையை விறாண்டியது. பிள்ளை மாதிரி வளர்த்த பூனை, சுகந்தினி துடித்துப்போனாள். நெடுங்கேணிப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போட வந்திருந்த மிருக வைத்தியர் கௌசலாவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

தவராசா தடுக்கப் பார்த்தார். வெயில் தணியச் சரியாகிவிடும் என்றார். பூனைக்குப் பல் பார்த்த கதையை எங்கே கேள்விப்பட்டது என்றார். அது கடிக்கும், டொக்டருக்கு வீண் கரைச்சல் என்றார். கௌசலா சிரித்துக்கொண்டே ஒரு துவாயை அவரிடம் கொடுத்து, பூனையை அதில் சுற்றி மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். தன் குட்டை உடைக்கப்போகிற வாயைத் தானே பிடித்துக்கொடுக்கிற விதியைப் பாருங்கள்!

கௌசலா பக்கவாட்டில் உதட்டை மெல்லத் தூக்கினாள். முன்பற்கள் வெள்ளை. கடைவாய்ப் பல்லில் மஞ்சள் ஊத்தை, அதைச் சுற்றி முரசுச் சதை செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. வாயைத் திறந்துவிடாதே ராசா என்று தவராசா மனதுக்குள் மன்றாடினார். அது நன்றாக ஆவென்று திறந்தது. இடுக்கி உள்ளே போய் வந்தது.

“மீன் முள்ளு,” என்றாள் கௌசலா.

சுகந்தினி முள்ளைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். யானையில் தொடங்கி, கலியாணம் பேசி வந்த நாள் வரைக்கும் போனாள். மறுத்துப் பிரயோசனம் இல்லையென்று தவராசாவும் கொட்டில், விரால், பொரியல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எந்த நாள் உருளுவது என்பது வரைக்கும் கதை வந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இதைக் கஷ்டப்படுத்தினது அந்த முள்ளில்லை. மேல் அண்ணத்தில இன்னொண்டு குறுக்க இறுகியிருக்கு,” என்று கௌசலா மறுபடி இடுக்கியை விட்டாள். இம்முறை வந்தது தடித்த துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது கோழி எலும்பு.”

தவராசாவே திடுக்கிட்டார். “அம்மாளாணை, கோழி நான் தின்னேல்லை.”

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஓமந்தையிலிருந்து சுகந்தினி மாம்பழம் என்று ஒரு பை கொண்டுவந்தாள். அன்றிரவு முழுக்கக் கறுவல் அந்தப் பையைவிட்டு அசையவில்லை. மாம்பழமோ இன்றுவரை அவர் கண்ணில் படவில்லை. மெல்லத் தலையை நிமிர்த்தி மனிசியைப் பார்த்தார். சந்தோசத்தில் மீசை துடித்தது.

சுகந்தினி கூரையைப் பார்த்தாள். டொக்டருக்குத் தேத்தண்ணி போடவேண்டும் என்று எழும்பினாள். துவாயிலிருந்து நழுவிய கறுவல் அவளுக்குப் பின்னால் ஓடியது. குசினியில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது.

“இஞ்சருங்கோ, நீங்கள் முன்னால உருளுங்கோ. நான் பின்னால அடியழிச்சு வாறன்.”